கண்ணாடி இல்லாத குழாய்

அன்பு மகன் யூசுபுக்கு, பாலக்கரையிலிருந்து உன் அத்தா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்று தெரிந்ததில் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். உன் கடிதத்தை உன் அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மாமா வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று ஒரு வரிகூட எழுதவில்லையே என்று இன்னும் குறைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். நீ எழுதியிருப்பதெல்லாம் டெலஸ்கோப்பைப் பற்றித்தான். பினாங்கில் பழைய சாமான் கடையில் ஒன்று கிடைத்தது, முன்பக்கத்துப் பெரிய லென்ஸ் பழுதில்லாமல் இருக்கிறது, ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கிற ஐபீஸ் ஒன்றுகூட இல்லை, குறி பார்க்கிற ஃபைண்டரும் இல்லை, எதை வாங்கிப் போடட்டும் அத்தா என்று கேட்டிருக்கிறாய். கப்பல் ஏறிப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இன்னொரு மொட்டைக் குழாயா என்று எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம், அவ்வளவு தூரத்திலிருந்து என்னைக் கேட்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறதே என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது.

பதிலை ஒரு கார்டில் எழுதிவிடலாம். எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஐபீஸ் என்று எழுதியவுடனே பள்ளிவாசல் முற்றத்தில் நீ நின்ற கோலம் கண்ணுக்கு வந்துவிடுகிறது. உனக்குத் தெரியாத கதை இல்லை. ஆனால் நானும் நீயும் அதைப் பற்றி உட்கார்ந்து பேசியதே கிடையாது. நம் வீட்டு ஆண்கள் இந்த மாதிரி விஷயங்களைச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே விழுங்கிவிடுவோம். இப்போது நடுவில் ஒரு கடல் இருப்பதால் எழுதத் தைரியம் வந்திருக்கிறது.

நம் டெலஸ்கோப்பும் இப்படித்தான் வந்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒரு ரயில்வே அதிகாரி வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, யாரும் சீண்டாமல் மூலையில் கிடந்தது. குழாய் இருந்தது, மூன்று கால் ஸ்டாண்டு இருந்தது. ஃபைண்டர் இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. காலமெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பிழைக்கிறவன் நான். அந்தப் பெரிய லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, “இதை வச்சு யாரை வேவு பார்க்கப் போறீங்க?” என்று உன் அம்மா கேட்டாள். நீ அதைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்குப் போய்விட்டாய்.

ஐபீஸ் தேடித்தான் ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். உத்தர வீதியில் ராகவாச்சாரி ஸார், ரிட்டயர் ஆன சயின்ஸ் வாத்தியார், வருஷக்கணக்காக நம் கடையில் கண்ணாடி போடுகிறவர். பள்ளிக்கூடத்தில் கழித்துக் கட்டிய மைக்ராஸ்கோப்பின் ஐபீஸ்களைப் பஞ்சில் சுற்றி ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். “வாங்கோ பாய், பையனையும் அழைச்சுண்டு வந்தேளா, நன்னாப் போச்சு” என்று டின்னை நம் முன்னால் கவிழ்த்தார். எதை எடுத்தோம்? பெரிதாகக் காட்டுவதைத்தான். நானும் நீயும் ஒரே நேரத்தில் அதன் மேல் கை வைத்தோம். பலம் குறைந்த இன்னொன்றையும் அவர்தான் உன் சட்டைப் பையில் போட்டுவிட்டார். “இதுல சின்னதாத்தான் தெரியும். ஆனா அகலமாத் தெரியும். ஒருநாள் தேவைப்படும்” என்றார். அன்று அவர் வீட்டு மாடியிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் மலைக்கோட்டையைப் பார்த்தோம். உச்சிப் பிள்ளையார் கோயில் தலைகீழாகத் தொங்கியது. ஸார் பார்த்துவிட்டுச் சிரித்தார். இரண்டு லென்ஸ் வைத்த குழாய் எல்லாவற்றையும் கவிழ்த்துத்தான் காட்டும் என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அன்றோடு உனக்கும் தெரியும். மூன்று பேருக்கும் தெரிந்திருந்த அந்த விஷயம், தேவைப்பட்ட நேரத்தில் நம் இருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இப்போது பினாங்கு விஷயம், மறந்துவிடுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைக்குப் போகுமுன் உன் குழாயின் பின்பக்க வாயை அளந்துகொண்டு போ. மைக்ராஸ்கோப் ஐபீஸ் ஒல்லியாக இருக்கும், நம்முடையதற்குக் கடைசல் பட்டறையில் பித்தளை உறை கடைந்து போட்டோமே, அதைப்போல அங்கேயும் செய்துகொள்ளலாம். அதுவரை அட்டையைச் சுற்றிச் செருகினால் போதும். ஐபீஸுக்குள் கண்ணை வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து அதையே பார். கண்பக்கத்துக் கண்ணாடியில் கீறல் இருந்தால் வேண்டாம். ஓரத்தில் வானவில் மாதிரி நிறம் ஓடினால் லென்ஸ்களின் ஒட்டு விட்டிருக்கிறது என்று அர்த்தம், கடைக்காரன் எவ்வளவு பேசினாலும் வைத்துவிட்டு வா. பலம் குறைந்ததை முதலில் வாங்கு. பலமானதை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பலமான ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு நாம் பட்ட பாடு போதும்.

அந்த வருஷத்து ரமலானில், இருபத்தொன்பதாம் நோன்பு அன்று சாயங்காலம், நீ மாடியில் டெலஸ்கோப்பை மேற்கே திருப்பி வைத்துக்கொண்டு நின்றாய். பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. ஊரே மேற்கைப் பார்த்துக்கொண்டிருந்தது, வானத்தில் ஒரே புழுதி மூட்டம். நான் நோன்பு திறந்துவிட்டுக் கீழே இருந்தேன். “அத்தா! பிறை! ஓடி வாங்க!” என்று கத்தினாய். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் ஓடி வருவதற்குள் பிறை ஐபீஸை விட்டு நகர்ந்துவிட்டது. பலமான ஐபீஸ், கையகல வானம்கூடத் தெரியாது. குறி பார்க்க ஃபைண்டரும் கிடையாது. இரண்டு பேரும் மாறி மாறித் தேடினோம். தேடத் தேட மூட்டம்தான் தெரிந்தது. நீ பொறுக்க மாட்டாமல் பள்ளிவாசலுக்கு ஓடினாய். ஊருக்கு முதலில் பிறைச் செய்தி சொல்லப் போகிற சந்தோஷம் உன் முகத்தில் இருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அங்கே உனக்கு முன்னால் ஒரு வெற்றிலை வியாபாரி வந்து, வெறுங்கண்ணால் பிறையைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். இன்னொரு சாட்சி கிடைத்தால் பெருநாள் அறிவித்துவிடலாம் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். தொழவைக்கிற நம் ஹஜ்ரத் யாராக இருந்தாலும் தனியாக அழைத்துத்தான் விசாரிப்பார், அது அவர் வழக்கம். எந்தப் பக்கம் பார்த்தாய், எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்பார். வியாபாரி, தோணி மாதிரி படுத்திருந்தது, கொம்பு இரண்டும் மேலே என்று சொல்லியிருந்தார். நீ, கண்டதைக் கண்டபடி சொன்னாய். “கொம்பு ரெண்டும் கீழ பார்த்து இருந்துச்சு ஹஜ்ரத்.” கவிழ்ந்த பிறையை இந்த உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நடுவில் நீ நின்றுகொண்டிருந்தாய். ஏன் சிரிக்கிறார்கள் என்று உனக்குப் புரியவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. நான் போய், “குழாய் தலைகீழாத்தான் காட்டும் ஹஜ்ரத், பையன் பொய் சொல்லல” என்றேன். அவர் நிதானமான மனிதர், கோபப்படவில்லை. “குழாயில பார்த்தேன்னு அவன் முதல்லயே சொல்லலியே, ஏன்? பார்த்தேன்னுதான சொன்னான்? நான் கண்ணால பார்த்ததைத்தான கேட்டேன்” என்றார். ‘பார்த்தேன்’ என்ற சொல்லுக்குள் இவ்வளவு இருக்கிறது என்று நீ நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கூட்டத்துக்கு அதெல்லாம் எதற்கு? மகனைக் காப்பாற்ற அப்பன் கடைச் சரக்கைக் கொண்டுவந்து கதை கட்டுகிறான் என்று என் காதுபடவே ஒருவர் சொன்னார். இரண்டாவது சாட்சி இல்லாததால் அன்று பெருநாள் அறிவிக்கவில்லை. மறுநாள் ஊரே நோன்பு வைத்தது. அதன் பிறகு உனக்கு ‘கவிழ்ந்த பிறை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். டீக்கடையில் கூப்பிட்டார்கள், பஸ் ஸ்டாண்டில் கூப்பிட்டார்கள். அதையாவது சிரித்துக்கொண்டு போய்விடலாம்.

போக முடியாதது உன் அக்காவின் நிக்காஹ்தான். பெருநாள் கழித்து நடந்தது. பெண் வீட்டுப் பக்கத்துச் சாட்சியாக நீ இருக்க வேண்டும் என்று உன் அக்கா ஆசையாகச் சொல்லியிருந்தாள். பந்தலில் மாப்பிள்ளையின் அத்தா என்னை ஓரமாக அழைத்துப் போனார். “தம்பி மேல எங்களுக்கு ஒண்ணும் கோவம் இல்லீங்க. ஆனா சாட்சின்னு வர்றப்போ நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க. வேற யாராச்சும் இருக்கட்டுமே” என்றார். பெண்ணைக் கொடுக்கிற இடம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டு வந்தால், நீ ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். உன் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே நிக்காஹ் ஓதும் சத்தம் கேட்டபோது நீ நிமிரவே இல்லை. யூசுப், என் வாழ்க்கையில் எத்தனையோ கஷ்டங்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வலித்த மாதிரி எனக்கு எப்போதும் வலித்ததில்லை.

அதன் பிறகு டெலஸ்கோப்பைத் தூக்கி எறிந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ எறியவில்லை, தொடவும் இல்லை. நான்தான் பெரிய கடை வீதியில் அலைந்து, உடைந்துபோன ஒரு கப்பல் தூரதிருஷ்டியிலிருந்து கழற்றிய நீளமான ஐபீஸைப் பிடித்து வந்தேன். உள்ளே கூடுதலாக லென்ஸ்கள் இருக்கும், எல்லாவற்றையும் நிமிர்த்திக் காட்டும். இனிமேல் இந்த வீட்டில் தலைகீழாக எதையும் காட்ட விடக்கூடாது என்ற வீம்பு எனக்கு. அதைப் போட்டு அடுத்த மாதப் பிறையைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நிமிர்ந்துதான் இருந்தது, ஆனால் கஞ்சித் தண்ணீருக்குள் பார்க்கிற மாதிரி மங்கலாக இருந்தது. ஒவ்வொரு லென்ஸும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்றுவிடும், மெல்லிய பிறையிடம் கொடுக்க என்ன வெளிச்சம் இருக்கிறது! நீ கீழே போய், ஸார் அன்று கொடுத்த பலம் குறைந்த ஐபீஸை எடுத்து வந்தாய். அதைப் போட்டதும் பிறை கவிழ்ந்துகொண்டு பளிச்சென்று வந்தது. “இதுவே இருக்கட்டும் அத்தா” என்றாய். “மறுபடியும் தலைகீழா?” என்று கத்தினேன். “தலைகீழா இருக்கு, ஆனா நல்லாத் தெரியுது. தலைகீழ்தான்னு சொல்லிட்டாப் போச்சு” என்றாய். சண்டை போட்டோம். கடைசியில் நீ சொன்னதுதான் சரி என்று என் கண்ணே சொல்லிவிட்டது.

ஃபைண்டருக்கும் அப்படித்தான். ராகவாச்சாரி ஸார் தெரிந்தவரிடம் சொல்லி, கம்பிக் குறுக்கு வைத்த சின்ன டெலஸ்கோப் ஒன்றைத் தருவித்து வைத்திருந்தார். விலையும் சகாயம்தான். எனக்கு அதன் மேல் ஆசை. நீ கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுலயும் கண்ணாடி இருக்கு ஸார், எனக்குக் கண்ணாடி இல்லாத குழாய்தான் வேணும்” என்றாய். அவருக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நீயே பித்தளைக் குழாய் ஒன்றை வெட்டி, இரண்டு வளையங்களில் திருகாணி வைத்து டெலஸ்கோப்பின் முதுகில் பொருத்தினாய். பகலில் மலைக்கோட்டை உச்சியை ஐபீஸின் நடுவில் வைத்து, வெறுங்குழாயிலும் அதே உச்சி நடுவில் வரும்வரை திருகாணிகளைத் திருகிக்கொண்டிருந்தாய். பிறகுதான் சொன்னாய். எல்லாரும் ஃபைண்டரில் தேடி டெலஸ்கோப்பில் பார்ப்பார்கள். நீ டெலஸ்கோப்பில் தேடிப் பிடித்து, அப்புறம் வெறுங்குழாயில் கண்ணை வைக்கப் போகிறாய். பிறை இருக்கிற இடம் தெரிந்துவிட்டால் வெறுங்கண் அதைக் கண்டுபிடித்துவிடும், நடுவில் கண்ணாடி இல்லாததால் அது கண்ணால் பார்த்ததுதான். டெலஸ்கோப் கண்ட யாராவது இப்படி யோசித்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. சாட்சியிலிருந்து தள்ளப்பட்டவனுக்குத்தான் இது தோன்றும்.

கண்ணாடிக் கம்பி தளர்ந்துவிட்டது என்று ஹஜ்ரத் கடைக்கு வந்தபோது அந்தக் குழாயை அவர் முன்னால் வைத்தேன். அவர் மேஜையில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்தார். “உள்ள ஒண்ணும் இல்ல. கையை மடக்கிவச்சுப் பார்க்குறாப்புலதான். பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அடுத்த ரமலானுக்காக நான் நாள் எண்ண ஆரம்பித்தேன். உன் பெயர் அன்றைக்குத் திரும்பிவிடும் என்று நம்பினேன்.

அந்த நாளும் வந்தது. அதே மூட்டம். நீ டெலஸ்கோப்பில் பிறையைப் பிடித்தாய், என்னையும் பார்க்கச் சொன்னாய். நானும் பார்த்தேன். நகம் வெட்டின துணுக்கு மாதிரி, சந்தேகமே இல்லாமல் பிறை. நீ வெறுங்குழாய்க்கு மாறினாய். கண்ணை எடுக்காமல் பார்த்தாய். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாய். என்னைப் பார்க்கச் சொன்னாய். ஒன்றும் தெரியவில்லை. பிறை இறங்கி மறையும்வரை மாறி மாறிப் பார்த்தோம், மூட்டம் விடவில்லை. கீழே உன் அம்மா பெருநாள் பலகாரத்துக்கு மாவு பிசையட்டுமா என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசலிலிருந்து ஆள் வந்தது. அன்று ஊரில் வேறு யாருக்கும் பிறை தென்படவில்லை.

ஹஜ்ரத்திடம் சொல்லக் கிளம்பினோம். நான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் என்பதை இப்போது எழுதுகிறேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும், நாம் இரண்டு பேர். கொம்பு எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு இந்த முறை நமக்குப் பதில் தெரியும். பிறை வானத்தில் இருந்தது உண்மை, இருவரும் கண்டது உண்மை. ‘பார்த்தோம்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே பெருநாள் கொண்டாடும், ‘கவிழ்ந்த பிறை’ அன்றோடு ஒழியும். சொல்லிவிடு மகனே என்று உன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். போன வருஷம் சிரித்தவர்கள் எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். ஹஜ்ரத் கேட்டார்.

“யூசுப், பிறை பார்த்தியா?”

“குழாய்ல பார்த்தேன் ஹஜ்ரத். கண்ணால பார்க்கல.”

“வெறுங்குழாய்ல?”

“ரொம்ப நேரம் பார்த்தேன். தெரியல.”

அவர் என் பக்கம் திரும்பினார். என் மகன் அவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகு எனக்கு வேறு வாய் ஏது? “நானும் அதேதாங்க” என்றேன். “அப்ப நாளைக்கு நோன்பு” என்று சொல்லிவிட்டு அவர் தராவீஹ் தொழுகைக்குப் போய்விட்டார். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. யாரும் உன்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது என் கண் நிறைந்திருந்தது. நீ முன்னால் போய்க்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். இவனுக்குச் சாட்சி சொல்ல இந்த ஊரில் ஒருவரும் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஹஜ்ரத் ஒரு நிக்காஹுக்கு உன்னைச் சாட்சிக்கு அழைத்ததும், அதன் பிறகு பல நிக்காஹ்களில் நீ கையெழுத்துப் போட்டதும் உனக்கே தெரியும். இப்போது நீ மாமாவின் பணம் மாற்றும் கடையில் உட்கார்ந்திருக்கிறாய். நாலு நாட்டு மனிதர்கள் வந்து, உன் வாயிலிருந்து வருகிற சொல்லை நம்பித்தான் பணத்தை நீட்டுவார்கள். அங்கே நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அறிவுரை எழுத வேண்டியது தகப்பன் முறை. என்னால் எழுத முடியவில்லை. நான் சொல்லியிருக்கக்கூடியதை விட நல்லதை நீ சொன்னதை நான் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். அதனால் ஐபீஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பலம் குறைந்தது, அகலமாகக் காட்டுவது, கீறல் இல்லாதது. ஃபைண்டருக்கு எதுவும் வாங்காதே, பித்தளைக் குழாய் போதும். வேளாவேளைக்குச் சாப்பிடு. சாப்பிட்டதை அம்மாவுக்கு எழுது.

நேற்று ஹஜ்ரத் கடைக்கு வந்திருந்தார். அவருக்கு இப்போது பார்வை ரொம்ப மங்கிவிட்டது. நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தபோது, ரமலான் நெருங்குகிறதே என்று பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். “யூசுப் பினாங்கு போயிட்டான். இந்த வருஷம் பிறைக்கு நான் யாரைக் கேக்குறது?” என்றார். கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் போன பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன் யூசுப். நீ இங்கே இல்லை என்பதற்காகவும் அழுதேன்.

உன் அத்தா